இருபத்தெட்டில் ஒன்பதை ஏன் பூட்டி வைக்கக் கூடாது

இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடத் தெரிந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், ஆனால் கூட்டாளிக்காக ஆடத் தெரிந்தவர்கள் குறைவு. நல்ல சீட்டு வந்தால் ஜெயிப்பது, வராவிட்டால் தோற்பது என்று பத்து வருஷம் ஆடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் ஆடினேன். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்யாண வீட்டில், முதல் நாள் ராத்திரி திண்ணையில் நடந்த ஆட்டம் ஒன்றில்தான் அது மாறியது. எதிரே கூட்டாளி இஸ்பேட் ஜாக்கியை இறக்கினார், என் கையில் இஸ்பேட் ஒன்பதும் ஏழும் இருந்தன, நான் ஏழைப் போட்டேன். ஜாக்கி போய்விட்டால் இனி ஒன்பதுதான் பெரிசு, அடுத்த சுற்றில் அதை வைத்து ஒரு பிடி பிடிக்கலாம் என்று கணக்கு. அடுத்த சுற்றில் ஒன்பதை இறக்கினேன், எதிராளி துருப்பைத் திறக்கச் சொல்லி வெட்டி அதைக் கொண்டுபோனார். பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த ஒரு பெரியவர் என் தோளைத் தட்டினார். "ஒம்போத எதுக்கு மக்கா பெட்டியில வச்சுப் பூட்டுக? அவன் ஜாக்கிய எறக்கிட்டாம்லா, அப்பவே மேல போட வேண்டியதுதான?"

அந்த ஒரு கேள்விக்குள் இந்த ஆட்டத்தின் பாதி இருக்கிறது. ஏன் என்று பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏழிலிருந்து ஏஸ் வரை 32 சீட்டு. நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டு, வலப்பக்கமாகச் சுற்றி வரும் ஆட்டம். ஒரு சுற்றில் ஆளுக்கொன்றாக விழும் நாலு சீட்டும் சேர்ந்தது ஒரு பிடி, பெரிய சீட்டுப் போட்டவருக்கு அது. இஸ்பேட், ஆர்ட்டின், டைமன், கிளாவர் என்று நாலு இனம், எல்லா இனத்திலும் ஜாக்கிதான் பெரிசு, அதற்கு 3 புள்ளி. அடுத்து ஒன்பது, 2 புள்ளி. அப்புறம் ஏஸ் 1, பத்து 1. ராஜா, ராணி, எட்டு, ஏழு இந்த வரிசையில் கீழே வரும், புள்ளி கிடையாது. ஒரு இனத்துக்கு 7 புள்ளி, நாலு இனத்துக்கும் சேர்த்து 28. முதலில் ஆளுக்கு நாலு சீட்டுப் போட்டு, எத்தனை புள்ளி பிடிப்போம் என்று ஏலம் கேட்கிறோம், 14-லிருந்து ஆரம்பம். அதிகம் கேட்டவர் தன் கையிலிருந்து ஒரு சீட்டைத் துருப்பாகக் கவிழ்த்து வைக்கிறார், திறந்தபின் அந்த இனம் மற்ற இனங்களை வெட்டும். பிறகு மிச்ச நாலு சீட்டும் வருகின்றன. இறக்கிய இனம் உங்களிடம் இல்லாவிட்டால் துருப்பைத் திறக்கச் சொல்லலாம், சொன்னால் துருப்பு கையில் இருக்கும்பட்சத்தில் வெட்டியே ஆக வேண்டும். திறக்கச் சொல்லாமல் வேறு எதையாவது கழித்தும் விடலாம். ஊருக்கு ஊர் சில்லறை விதிகள் மாறும், ஆனால் நான் சொல்லப்போவது எந்த ஊர் விதிக்கும் பொருந்தும்.

இந்த ஆட்டத்தின் குணத்தை இரண்டு கணக்குகள்தான் தீர்மானிக்கின்றன. ஒன்று, நாலு ஜாக்கிக்கு 12, நாலு ஒன்பதுக்கு 8, ஆக 28-இல் 20 புள்ளி வெறும் எட்டுச் சீட்டில் அடங்கிவிடுகிறது. இரண்டு, ஒரு இனத்தில் இருப்பதே எட்டுச் சீட்டுத்தான். 52 சீட்டு ஆட்டங்களில் இனத்துக்கு 13 இருக்கும், ஒரே இனத்தை இரண்டு மூன்று சுற்று தைரியமாக இறக்கலாம். இங்கே எட்டை நாலு பேர் பங்கு போட்டால் சராசரியாக ஆளுக்கு இரண்டு. முதல் சுற்று முடிந்ததுமே அந்த இனம் பலர் கையில் தீர்ந்துபோகும்.

இப்போது அந்தத் திண்ணை ஆட்டத்துக்கு வருவோம். கூட்டாளி ஜாக்கி இறக்கினார், எனக்கு முன்னால் ஆடியவர் இஸ்பேட்டே போட்டார், எனக்குப் பின்னால் ஒரே ஒரு எதிராளிதான் பாக்கி. அவரிடம் இஸ்பேட் இல்லாமல் இருக்க வாய்ப்பு எவ்வளவு? வேறு தகவல் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் நூற்றுக்குச் சுமார் 14. அதாவது ஒன்பதை அங்கேயே போட்டிருந்தால் நூற்றில் 86 முறை அந்த 2 புள்ளி பத்திரமாக எங்கள் பக்கம் வந்திருக்கும். நான் செய்த மாதிரி பூட்டி வைத்தால்? முதல் சுற்றில் எல்லோரும் இஸ்பேட் போட்டுவிட்டார்கள் என்றே வைப்போம், அப்போதும் மிச்சம் இருப்பது என் ஒன்பதையும் சேர்த்து நாலே சீட்டு. அடுத்த சுற்றில் எதிராளிகள் இருவரில் ஒருவரிடமாவது இஸ்பேட் இல்லாமல் இருக்க வாய்ப்பு நூற்றுக்கு 52. இனம் இல்லாத ஒவ்வொருவரும் வெட்டிவிடுவார்கள் என்றில்லை, துருப்பும் கையில் இருக்க வேண்டும். இருந்தாலும் 14-க்கும் 52-க்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். பெரியவர் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை, ஆயிரம் ஆட்டம் ஆடிச் சொன்னார், கணக்கு அவர் பக்கம்தான் நிற்கிறது.

ஆகவே கூட்டாளியின் பிடி உறுதி என்று தெரிந்தால் உடனே புள்ளியை ஏற்றுங்கள். ஒன்பது இருந்தால் ஒன்பது, இல்லாவிட்டால் ஏஸ் அல்லது பத்து. இதில் விதிவிலக்கு ரொம்பக் கம்மி, துருப்பு எல்லாம் காலியாகிவிட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் ஒன்பதைக் கையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் "உறுதி" என்ற சொல்லைக் கவனியுங்கள். கூட்டாளி இறக்கியது ஏஸ் என்றால், அந்த இனத்து ஜாக்கியும் ஒன்பதும் எங்கே என்று தெரியாதவரை அது உறுதியான பிடி இல்லை, அதன் மேல் பத்தைப் போடுவது எதிராளிக்கு எடுத்துக் கொடுப்பதற்குச் சமம். இதே நியாயப்படி, கூட்டாளி சின்னச் சீட்டு இறக்கி, உங்கள் கையில் அந்த இனத்து ஜாக்கி, ஒன்பது இரண்டும் இருந்தால் ஜாக்கியை இறக்குங்கள். ஒன்பதே பிடித்துவிடுமே, ஜாக்கியை மிச்சம் பிடிப்போம் என்று தோன்றும். மிச்சம் வைத்த சீட்டுக்கு அடுத்த சுற்றில் வெட்டு விழும் ஆபத்து இருக்கும்போது, ஆபத்தில் விடுவது 2 புள்ளியாக இருக்கட்டும், 3 வேண்டாம்.

முதல் இறக்கிலும் இதே விஷயம் வேறு உருவில் வருகிறது. நிறைய பேர் கையில் எந்த இனம் நீளமாக இருக்கிறதோ அந்த ஜாக்கியைத்தான் முதலில் இறக்குகிறார்கள், நீளமான இனம்தானே பலம் என்று நினைத்து. துருப்பு இனத்துக்கு அது சரி. மற்ற இனத்தில் நேர் எதிர்: உங்களிடம் அதிகம் இருந்தால் மற்றவர்களிடம் குறைவு, குறைவாக இருந்தால் வெட்டு. ஜாக்கியோடு சேர்த்து அந்த இனத்தில் உங்களிடம் இரண்டு சீட்டு இருந்தால், எதிராளிகளில் ஒருவரிடமாவது அந்த இனமே இல்லாமல் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 12. மூன்று இருந்தால் 20. நாலு இருந்தால் 34. ஐந்து இருந்தால் 53. கையில் இரண்டு ஜாக்கி, ஒன்று இரண்டு சீட்டு இனத்தில், மற்றது நாலு சீட்டு இனத்தில் என்றால் எதை முதலில் இறக்குவது என்று இனி யோசிக்கவே வேண்டாம்.

ஏலத்துக்கு வருவோம், ஏனென்றால் பாதி ஆட்டம் தோற்பது இங்கேதான். முதல் நாலு சீட்டைப் பார்த்துக் கேட்கிறோம், அதாவது பாதிக் கையைப் பார்த்து முழுக் கைக்கு வாக்குக் கொடுக்கிறோம். உதாரணமாக இஸ்பேட் ஜாக்கி, ஒன்பது, ஏழு, கூடவே ஆர்ட்டின் ஏஸ் வந்திருக்கிறது. கையில் 6 புள்ளி. மிச்ச 22 புள்ளி 28 சீட்டில் பரவிக் கிடக்கிறது, ஒரு சீட்டுக்கு முக்கால் புள்ளிக்குச் சற்று அதிகம். உங்களுக்கு இனி வரும் நாலு சீட்டில் சராசரி 3, கூட்டாளியின் எட்டில் 6-க்குச் சற்று மேல், ஆக உங்கள் பக்கம் சராசரியாக 15 புள்ளிக்குக் கொஞ்சம் மேலே உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்திருப்பது வேறு, பிடிப்பது வேறு. ஆனால் துருப்பில் மேல் இரண்டும் உங்களிடம், மூன்று துருப்பு இப்போதே இருக்கிறது, நாலாவது வருவதற்கு நூற்றுக்கு 57 வாய்ப்பு. இதற்கு நான் 17 வரை போவேன், 18-க்கு ஒருமுறை மூச்சு விட்டு யோசிப்பேன்.

இதையே கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். இஸ்பேட் ஒன்பது, ஏஸ், பத்து, கூட ஒரு ஆர்ட்டின் ராஜா. பார்க்க அழகான கை, ஒரே இனத்தில் மூன்று சீட்டு, மூன்றுக்கும் புள்ளி. இதற்கு 18 கேட்டுவிட்டு, "ஜாக்கி கூட்டாளிகிட்ட இருக்கும்னு நெனச்சேன்" என்று சொல்பவர்கள் எத்தனை பேர்! அந்த ஜாக்கி கூட்டாளியிடம் இருக்க ஏழில் இரண்டு பங்கு வாய்ப்பு, உங்களுக்கே பின்னால் வர ஏழில் ஒரு பங்கு, எதிராளிகளிடம் இருக்க ஏழில் நாலு பங்கு. பாதிக்கு மேல் அது எதிர்ப்பக்கம்தான். அப்போது உங்கள் புள்ளித் துருப்பெல்லாம் அந்த ஒரு ஜாக்கிக்குப் பயந்து உட்கார்ந்திருக்கும். ஜாக்கி இல்லாத துருப்புக்கு நான் 15 தாண்டுவதில்லை, அதையும் வேறு இனத்து ஜாக்கி ஒன்றாவது கையில் இருந்தால்தான் கேட்பேன்.

மற்றவர்கள் கேட்பதையும் காது கொடுத்துக் கேளுங்கள். பல இடங்களில் முதல் ஆள் பாஸ் சொல்ல முடியாது, 14 கேட்டே ஆக வேண்டும், ஆகவே அந்த 14 எதையும் சொல்வதில்லை. ஆனால் ஒரு எதிராளி 15, 16, 17 என்று போட்டிக்கு வந்து நின்றுவிட்டால் அவரிடம் ஜாக்கியோடு ஒரு இனம் கனமாக இருக்கிறது என்று அர்த்தம். துருப்பு உங்களுடையதாக ஆனதும் அவர் கனமாக வைத்திருக்கும் இனத்தில் உங்களுக்கோ கூட்டாளிக்கோ வெட்டு வாய்ப்பு வரும், அதற்குத் தயாராக அந்த இனத்து ஒற்றைச் சீட்டை முதலில் கழித்துவிடலாம்.

துருப்பு கவிழ்ந்து கிடக்கும்வரை எதிர்த்து ஆடுபவர்களின் வேலை அது எந்த இனம் என்று கண்டுபிடிப்பது. கேட்டவர் எதை இறக்குகிறார் என்று எல்லோரும் பார்க்கிறார்கள், எதை இறக்கவே மாட்டேன் என்கிறார் என்று பாருங்கள். பல இடங்களில் துருப்பு திறக்கும்வரை கேட்டவர் அந்த இனத்தை இறக்கக் கூடாது, வேறு வழி இல்லாவிட்டால் ஒழிய. மூன்று முறை கை கிடைத்து ஆர்ட்டின், டைமன், மறுபடி ஆர்ட்டின் என்று வருகிறார் என்றால் இஸ்பேட்டும் கிளாவரும்தான் பாக்கி. அதில் ஒன்று உங்கள் கையிலேயே நாலு இருந்தால் விடை கிடைத்த மாதிரிதான்.

திறக்கச் சொல்வது எப்போது? இனம் இல்லை என்ற உடனே அவசரப்பட்டு "திற" என்று சொல்வது புதிதாக ஆடுபவர்களின் பழக்கம். ராஜாவும் எட்டும் கிடக்கும் பிடிக்கு ஏன் திறக்க வேண்டும்? திறந்த நொடியில் கேட்டவருக்கு அவருடைய கவிழ்த்த சீட்டு கைக்குத் திரும்புகிறது, துருப்பை இறக்கி உங்கள் துருப்புகளை உருவவும் சுதந்திரம் கிடைக்கிறது. உங்களிடம் இருப்பது ஒரே துருப்பு என்றால் அது ஒரே ஒரு வெட்டு, அதை ஜாக்கியோ ஒன்பதோ கிடக்கும் பிடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவரின் கூட்டாளியாக இருந்தாலும் இதே நிதானம் வேண்டும், பிடியில் 3 புள்ளிக்குக் குறைவாக இருந்தால் பேசாமல் உதவாத சீட்டு ஒன்றைக் கழித்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.

கேட்டவருக்கு ஒரு விஷயம். துருப்பு திறந்தபின் உங்களிடம் ஜாக்கி, ஒன்பதோடு நாலைந்து துருப்பு இருக்கிறதென்றால், இறக்கி எதிராளிகளின் துருப்பை உருவிவிடுங்கள், அப்புறம் மற்ற இனத்து ஜாக்கிகள் பயமின்றி நடக்கும். கூட்டாளியின் துருப்பும் சேர்ந்து போகுமே என்றால், போகும், அது கொடுக்க வேண்டிய விலைதான்.

ஜாக்கி எப்படி ராஜாவுக்கும் ஏஸுக்கும் மேலே போய் உட்கார்ந்தது என்று யோசித்ததுண்டா? சுவிட்சர்லாந்தின் யாஸ், நெதர்லாந்தின் கிளாவர்யாஸ், பிரான்சின் பெலோட் எல்லாம் இந்த வம்சம்தான். அங்கே துருப்பு இனத்தில் மட்டும் ஜாக்கியும் ஒன்பதும் மேலே ஏறும், துருப்பு ஜாக்கிக்கு 20 புள்ளி. நம் பக்கம் எல்லா இனத்திலும் ஏறிவிட்டது. யாழ்ப்பாணத்தில் இதன் நெருங்கிய உறவு முந்நூற்று நாலு: ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. இந்த 11-ம் 10-ம் கிளாவர்யாஸில் ஏஸுக்கும் பத்துக்கும் இருக்கும் அதே மதிப்பு. ஈழத்தில் இஸ்பேட்டை இஸ்கோப்பன் என்றும், டைமனை உருவித்தன் என்றும், ஆர்ட்டினை ஆடுத்தன் என்றும் சொல்வார்கள், எல்லாம் டச்சுச் சொற்கள். டச்சுக்காரர்கள் 1658-இல் யாழ்ப்பாணத்தையும் 1663-இல் கொச்சியையும் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். இன்று இந்த ஆட்டங்கள் செழித்து வாழ்வதும் அந்த இரண்டு கரைகளில்தான். கேரளத்தில் ஆறு பேர் இரட்டைக் கட்டில் ஆடும் ஐம்பத்தாறு கூட உண்டு, அங்கே தோற்றவர் காதில் குணுக்கு மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

ஆட்டத்துக்குத் திரும்புகிறேன். கூட்டாளியோடு பேச நமக்கு இருக்கும் ஒரே வாய் சீட்டுத்தான். கண் ஜாடை, இருமல், சீட்டை ஓங்கி அடித்து வைப்பது இதெல்லாம் திருட்டு, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. நேர்மையாகச் சீட்டால் சொல்வதற்கே நிறைய வழி இருக்கிறது. கூட்டாளி பிடிக்கும்போது நீங்கள் ஒன்பது போட்டால் மகிழ்ச்சி, போடாமல் எட்டைப் போட்டால் அதுவும் ஒரு செய்தி: என்னிடம் இந்த இனத்தில் புள்ளி இல்லை. நீங்கள் எப்போதும் ஒழுங்காகப் புள்ளி ஏற்றுகிறவராக இருந்தால்தான் உங்கள் எட்டுக்கு அந்த அர்த்தம் வரும். சில நேரம் ஏற்றுவார், சில நேரம் பூட்டி வைப்பார் என்று ஆகிவிட்டால் உங்கள் சீட்டை யாராலும் படிக்க முடியாது, முக்கியமாக உங்கள் கூட்டாளியால்.

எதிராளியின் சீட்டையும் இதே முறையில் படிக்கலாம். கொஞ்ச நாள் முன்னால் நடந்த ஒரு ஆட்டம். என் வலப்பக்கத்து ஆள் 16 கேட்டிருந்தார். ஆரம்பத்தில் நான் டைமன் ஜாக்கி இறக்கினேன், அவரிடம் டைமன் இல்லை, துருப்பைத் திறந்து வெட்டினார். அடுத்து என் கூட்டாளி டைமன் ஏழு போட்டார், கடைசியாக இடப்பக்கத்து ஆள் டைமன் எட்டு. அதோடு என் 3 புள்ளி போயிற்று. ஆட்டம் ஓடி மூன்று சீட்டு மிச்சம். அவர்கள் கையில் 14, எங்களிடம் 11. அவர்களுக்கு இன்னும் 2 வேண்டும், 16 ஆகிவிடும். வெளியில் இருப்பது 3 புள்ளி: என் கையில் டைமன் ஏஸ், எங்கேயோ டைமன் ஒன்பது. துருப்பு எட்டும் போய்விட்டதை எண்ணி வைத்திருந்தேன். இறக்கு என்னுடையது. ஒன்பது எதிராளியிடம் இருந்தால் ஏஸை இறக்குவது தற்கொலை, மூன்றும் மொத்தமாக அவர்களுக்குப் போகும்.

ஆனால் கேட்டவரிடம் டைமன் கிடையாது, வெட்டியபோதே தெரிந்துவிட்டது. அவருடைய கூட்டாளி அந்த வெட்டுப் பிடியில் கடைசி ஆள், பிடி நூற்றுக்கு நூறு அவர்களுடையது, கையில் ஒன்பது இருந்தால் 2 புள்ளியை அங்கேயே ஏற்றியிருப்பார், அவர் அப்படி ஏற்றுகிற ஆள்தான், அன்று முழுக்கப் பார்த்திருந்தேன். எட்டைத்தான் போட்டார். அப்படியானால் ஒன்பது இருக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று. என் கூட்டாளி ஏன் அன்றைக்குப் போடவில்லை? அவருக்கு முன்னாலேயே வெட்டு விழுந்துவிட்டது, எதிராளி பிடியில் ஒன்பதை எறிவாரா என்ன.

ஏஸை இறக்கினேன். வலப்பக்கத்து ஆள் ஒரு கிளாவர் ராணியைக் கழித்தார். கூட்டாளி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் டைமன் ஒன்பதை எடுத்து மேலே வைத்தார்.